'இல்லை' என்று சொல்ல அவசரப்பட்ட போன்

போன வியாழக்கிழமை அலுவலக மீட்டிங்கில் நான் கத்திவிட்டேன்.

கத்தினேன் என்றால் சும்மா குரலை உயர்த்துவது இல்லை. பக்கத்து அறையில் இருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் முன்கோபம் புதிது அல்ல. பஸ் கண்டக்டருடன் சண்டை, பல் வைத்தியருடன் சண்டை... எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு இன்னும் வாசிக்கிறீர்கள். ஆனால் இந்தத் தடவை அகப்பட்டது நிரோஷா. பாவம், எங்கள் குழுவிலேயே கெட்டிக்காரி. வயது இருபத்தைந்துதான் இருக்கும்.

அவள் செய்த குற்றம் என்ன?

ஆஸ்பத்திரி கிளினிக் நாளைப் பார்ப்பதற்கு ஒரு ஆப் செய்திருந்தாள். நோயாளி தன் இலக்கத்தை அடித்தால் அடுத்த கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று காட்டும். அழகான நிறங்கள், பெரிய எழுத்துகள். எங்கள் எல்லாருக்கும் முன்னால் அடித்துக் காட்டினாள். உடனே ஒரு வெறும் பெட்டிப் படம் வந்தது. பெட்டிக்குள் ஒரு பூனைக்குட்டி. கீழே, 'அடடா! இங்கே ஒன்றும் இல்லையே!' என்று எழுத்து. எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு செக்கனில் பூனை மறைந்து சரியான தேதி வந்துவிட்டது.

"இதை உடனே எடு!" என்றேன்.

"அக்கா... ரெண்டு செக்கன்தானே? டேட்டா வரும் வரைக்கும் சும்மா ஒரு படம்..."

அப்போதுதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது சரியாக நினைவில்லை. நினைவிருந்தாலும் இங்கே எழுத முடியாது. அவள் கண் கலங்கிவிட்டது. ஒரு பூனைக்குட்டிக்கா இவ்வளவு? என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பூனைக்கு இல்லை. அந்த 'இல்லை'க்கு.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். தொழில் விஷயம்தான், பயப்படாதீர்கள். உங்கள் கையில் இருக்கிற போனுக்கு உண்மையில் ஒன்றுமே தெரியாது. நீங்கள் கேட்டதை அது எங்கோ தூரத்தில் இருக்கிற சேர்வர் என்கிற கம்ப்யூட்டரிடம் கேட்கிறது. கேள்வி போக வேண்டும், அங்கே தேட வேண்டும், பதில் திரும்பி வர வேண்டும். எப்போது வரும்? வரும்போது வரும். ஒரு செக்கனிலும் வரலாம், ஐந்து நிமிடத்திலும் வரலாம், வழியில் காணாமலும் போகலாம். அதுவரைக்கும் திரையில் என்ன காட்டுவது? ஆப் செய்கிறவர்களுடைய தலைவலியில் பாதி இதுதான். இதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் புத்தகத்தில் படிக்கவில்லை. மன்னார்ப் பக்கத்து முருங்கன் சந்தியில், நெல்லுக் கடைப் படியில் உட்கார்ந்து படித்தேன்.

யுத்தத்தின் கடைசிக் காலம். கொழும்பில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மன்னாருக்குத் திரும்பி வந்திருந்தேன். உப்புக்குளத்தில் ஒரு நிவாரண அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், வேலை. சண்டை நடந்த பக்கத்தில் இருந்து கடலாலும் காட்டாலும் சனம் வந்துகொண்டிருந்தது. வந்தவர்களை முகாம்களில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எங்கள் கம்ப்யூட்டருக்கு நாள்தோறும் வந்து சேரும். இந்தப் பக்கத்தில் இருந்த உறவுகளோ 'என் ஆள் வந்திட்டாரா?' என்று கேட்டுக் கந்தோர் வாசலில் நிற்பார்கள். மன்னார்த் தீவுக்குள் வருவதற்கே சோதனைச் சாவடியில் அரை நாள் போய்விடும். அத்தனை கஷ்டப்பட்டு வந்து, பெயர் இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போவார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை.

அதனால் நான் ஒரு ஆப் செய்தேன். சிரிக்காதீர்கள், அந்தக் காலத்திலேயே. பட்டன் அமுக்குகிற சின்னப் போன்தான், ஆனால் அதற்குள்ளும் ஒரு சின்னப் புரோகிராம் ஓடும். எங்கள் களப் பணியாளர் ஊருக்கு ஊர் போய், ஆளின் பெயரை அடித்தால் எந்த முகாம் என்று காட்டும். அந்தப் போனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்களைப் போட்டேன்.

அந்தக் களப் பணியாளர் பெயர் றஹீம் நானா. உப்புக்குளத்துக்காரர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு குடும்பமாக வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்துவிட்டு, சமாதான காலத்தில் திரும்பி வந்து ஊர்ச் சனத்துக்குப் போன் பேசக் கொடுக்கிற ஒரு கொமினிகேஷன் கடை போட்டவர். பிறகு எல்லார் கையிலும் போன் வந்ததும் கடையில் ஈ ஓட்டத் தொடங்கினார். மோட்டார் சைக்கிளோடு எங்கள் கந்தோரில் சேர்ந்துவிட்டார்.

நான் செய்த முதலாவது ஆப்பை அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பிக் கொண்டு வந்தார்.

"தங்கச்சி, பேரை அடிச்சு அமத்தினா இது மௌத்தாப் போகுது. ஒரு பட்டனும் வேலை செய்யேல்ல. பற்றரியைக் கழட்டிப் பூட்டித்தான் உசிர் வந்தது."

காரணம் எனக்குத் தெரியும். பதில் வரும் வரைக்கும் முழுப் போனும் அசையாமல் காத்துக்கொண்டிருந்தது. சரி என்று மாற்றினேன். கேள்வி பின்னால் தன்பாட்டில் போகும். திரை உடனே வந்துவிடும். பதில் எப்போது வந்தாலும் திரையில் தானாக ஏறிக்கொள்ளும். கந்தோருக்குள் வைத்துச் சோதித்தேன். பட்டனை அமுக்கினால் கண் மூடித் திறக்க முன் பெயர்! எனக்கு என் மேலேயே காதல் வந்துவிட்டது.

அந்தத் திரையில் ஒரு சின்ன விஷயம் செய்திருந்தேன். பெயர்ப் பட்டியல் வெறுமையாக இருந்தால் 'பதிவு இல்லை' என்று எழுது. நியாயம்தானே? பெயர் ஒன்றும் இல்லாவிட்டால் பதிவு இல்லை. யாராவது யோசிப்பார்களா – பதில் வருவதற்கு முன்னமும் அந்தப் பட்டியல் வெறுமையாகத்தான் இருக்கும் என்று?

நான் யோசிக்கவில்லை.

றஹீம் நானா யோசித்தார். ஒரு கிழமை கழித்து வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"தங்கச்சி, உங்கட போன் இப்ப நல்லாப் பேசுது. ஆனா... அவசரக்காரன்."

"என்ன நானா?"

"வேகம் கூடிப்போச்சு."

என் வாழ்க்கையில் என் ஆப்பின் வேகம் கூடிவிட்டது என்று குறை சொன்ன ஒரே மனிதர் அவர்தான். நான் சிரித்தேன்.

"அதுதான் நானா கம்ப்யூட்டர்."

"இல்லப் புள்ள, இருக்கிற ஆளை இருக்கெண்டு கெதியாச் சொல்லலாம். இல்லையெண்டு சொல்லுறதுக்கு நேரம் எடுக்கும். எல்லா இடமும் தேட வேணுமே? எங்கட கடைக்குக் கனடாவில இருந்து கோல் வரும். 'மரியம்மாவைக் கூப்பிடுங்கோ' எண்டுவினம். நான் சைக்கிள்ல ஆள் அனுப்பிப்போட்டு, 'ஆள் அனுப்பியிருக்கு, அரை மணித்தியாலத்தால எடுங்கோ' எண்டுவன். போனவர் திரும்பி வராம நான் ஒரு நாளும் 'ஆள் இல்லை' எண்டு சொன்னதில்ல. அங்க இருக்கிறவன் என்ன நினைப்பான்? அம்மாவுக்கு ஏதோ நடந்திட்டுதெண்டு அழத் தொடங்கிடுவான்."

"நானா, அது சைக்கிள். இது சேர்வர்," என்றேன்.

எவ்வளவு மரியாதையாகச் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? மரியாதை எல்லாம் இல்லை. படித்தவள் என்ற திமிர்தான். அவர் ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை ஒரு செய்தி வந்தது. ஒரு முகாமில் இருக்கிறவர்களை மறுநாள் காலையில் வவுனியாப் பக்கம் மாற்றப் போகிறார்கள். போய்விட்டால் பிறகு எங்கே, எப்போது பார்ப்பது என்று யாருக்கும் தெரியாது. அன்று பின்னேரம் மட்டும் உறவினர்கள் வேலியோரம் நின்று பார்க்க அனுமதி கிடைத்தது. எங்கள் கந்தோர் வான் முருங்கன் சந்தியில் இருந்து ஒரு மணிக்குப் புறப்படும். ஆனால் சும்மா ஏற முடியாது. முகாமில் இருக்கிறவரின் பெயர், பார்க்கப் போகிறவரின் பெயர் – இரண்டும் லிஸ்ட்டில் இருந்தால்தான் சாவடியில் விடுவார்கள்.

லிஸ்ட் எழுத நானே போனேன். என் ஆப்பின் பெருமையை நேரில் பார்க்கிற ஆசையும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

முருங்கனில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. சந்தியில் பூட்டிக் கிடந்த நெல்லுக் கடையின் மூன்றாவது படி. இரண்டாவது படியில் கிடையாது. றஹீம் நானா தேநீர்க் கடையில் கதிரை ஒன்று வாங்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் போட்டார், லிஸ்ட்டையும் பையையும் வைக்க. சனம் வரிசையில் நின்றது.

காலையில் எல்லாம் நன்றாக நடந்தது. பெயரை அடித்தேன், வந்தது. ஐந்து பேருக்கு அடுத்தடுத்துப் பெயர் வந்தது. ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கொஞ்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து மணிக்குப் பிறகு எல்லாம் 'பதிவு இல்லை'.

முதலாவது ஆள், கடற்கரைப் பக்கத்தில் இருந்து வந்த பீற்றர் ஐயா. கடல் தொழில் செய்கிறவர், அறுபது வயது இருக்கும். தம்பியைத் தேடி வந்திருந்தார். பெயரை அடித்தேன், திரையைப் பார்த்தேன், நிமிர்ந்தேன்.

"பதிவில இல்லை ஐயா."

அவர் தொப்பியைக் கழற்றினார். "சரி மகள். ஆண்டவர் பாத்துக்கொள்ளட்டும். நீங்கள் நல்லா இருக்கோணும்." வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அவருக்குப் பிறகு இரண்டு பேர். அவர்களுக்கும் இல்லை.

றஹீம் நானா என் காதுக்குக் கிட்டக் குனிந்தார். "ஒரே அடியா எல்லாருக்கும் இல்லையா? கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோவன்."

"என்னத்தைப் பொறுக்கிறது நானா? அது சொல்லிப்போட்டுதே!"

கடைசியாக வந்தது பார்வதி அக்கா. நறுவிலிக்குளத்துக்காரி. தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து அடிபட்டு வந்து அங்கே குடியேறியவர்கள். வயல் கூலி வேலை. நெல் அறுத்த கை என்று பார்த்தாலே தெரியும். மகள் சுமதிக்கு இருபது வயது. வன்னியில் சின்னம்மா வீட்டுக்கு அறுப்பு வேலைக்கு என்று போன இடத்தில் பாதை பூட்டப்பட்டு அகப்பட்டுக்கொண்டவள். ஒன்றரை வருடமாக ஒரு கடிதமும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. அண்மையில் வந்த யாரோ, சுமதி மாதிரி ஒரு பிள்ளையைப் படகில் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். 'மாதிரி'. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்த மனுசி எட்டு மைல் நடந்து வந்திருந்தது.

"சுமதிங்கம்மா. அப்பா பேரு ராமையா. நறுவிலிக்குளம்."

அடித்தேன். பார்த்தேன்.

"இல்லை அக்கா. பதிவு இல்லை."

அவள் அழவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்கம்மா" என்றாள். போய், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே வேலியோரம் குந்திக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறவில்லை. பாவம், ஏங்கிப் போய்விட்டது மனுசி என்று நினைத்தேன். ஆனால் நான் என்ன செய்ய? இல்லாததை இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

போனை அந்த மூன்றாவது படியிலேயே வைத்துவிட்டு, தேநீர்க் கடைக்குள் போய் லிஸ்ட்டைச் சுத்தமாகத் திருப்பி எழுதினேன். ஒரு பிளேன்ரீயும் குடித்தேன். பதினைந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்து, பற்றரி போய்விடும், போனை அணைப்போம் என்று கையில் எடுத்தேன்.

திரையில் ஒரு பெயர் இருந்தது.

சுமதி. தகப்பன் ராமையா. நறுவிலிக்குளம். முகாமின் பெயர், கொட்டில் இலக்கம்.

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு யாராவது அடித்துப் பார்த்தார்களா? திரும்ப அடித்தேன். 'பதிவு இல்லை.' இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். பதிவு இல்லை... பதிவு இல்லை... ஒரு லொறி போனது. ஒரு பஸ் வந்து சனத்தை இறக்கிவிட்டுப் போனது. பதிவு இல்லை... நாலு நிமிடம் கழித்து, ஒரு சத்தமும் இல்லாமல் அந்தச் சொல் மறைந்து சுமதி வந்தாள்.

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து மணிக்குப் பிறகு சிக்னல் மெலிந்து போயிருந்தது. பதில்கள் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தன. என் போனோ அவை வருமட்டும் பொறுக்காமல் இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை நம்பி, நிமிர்ந்து, மனிதர்களின் முகத்துக்கு நேரே சொன்னேன். சேர்வர் ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை. சொன்னது நான்.

"நானா!" என்று கத்தினேன். எனக்குக் கத்தத்தான் தெரியும்.

றஹீம் நானா வந்து திரையைப் பார்த்தார். நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "விளக்கம் பிறகு, தங்கச்சி. மற்ற ஆக்களையும் பாருங்கோ. பொறுத்துப் பாருங்கோ." அவர் நினைத்திருந்தால் 'நான் சொன்னனான்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

நேரம் பன்னிரண்டு. மற்ற மூன்று பெயரையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு பேருக்கு, நெடுநேரத்துக்குப் பிறகு, சேர்வரே இல்லை என்று பதில் அனுப்பியது. அது உண்மையான இல்லை. மூன்றாவதாகப் பீற்றர் ஐயாவின் தம்பி.

இருந்தார். அதே முகாமில்.

றஹீம் நானா மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு கடற்கரைப் பாதையில் பறந்தார். நான் வேலியோரம் ஓடினேன்.

"அக்கா, எழும்புங்கோ! மகள் இருக்கிறா. பேர் இருக்கு. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

பார்வதி அக்கா எழும்பிச் சேலையைத் தட்டினாள். திடுக்கிடவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. "தண்ணி கொஞ்சம் கெடைக்குமாம்மா?" என்றுதான் கேட்டாள். தண்ணீரை வாங்கிக் குடிக்கும்போதுதான் பாதித் தண்ணீர் நெஞ்சில் ஊற்றுப்பட்டது.

வான் ஒரு மணிக்குப் புறப்பட வேண்டும். றஹீம் நானா வரவில்லை. டிரைவரைக் கெஞ்சிப் பத்து நிமிடம் நிறுத்தினேன். பிறகு ஐந்து நிமிடம். வானுக்குள் இருந்த மற்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் மூன்று மணிக்குள் பார்த்து முடிக்க வேண்டுமே. வான் புறப்பட்டது. பின் கண்ணாடியால் பாதையைப் பார்த்துக்கொண்டே போனேன். மோட்டார் சைக்கிள் வரவில்லை.

பீற்றர் ஐயா வீட்டுக்குப் போகவில்லையாம். தம்பிக்காக மன்றாட வழியில் இறங்கி எந்த மாதா கோயிலுக்கோ போயிருந்தார்.

வானுக்குள் பார்வதி அக்காவிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் இல்லையெண்டு சொன்னனே அக்கா. பிறகும் ஏன் போகாம இருந்தனீங்கள்?"

"எங்களுக்கு எந்தக் கந்தோர்லயும் மொதல்ல இல்லைன்னுதாம்மா சொல்லுவாங்க," என்றாள், சர்வ சாதாரணமாக. "எங்கப்பா பிரஜாவுரிமைக்குப் போனப்ப, பேரு பதிவுல இல்லைன்னு வருசக்கணக்கா சொன்னாங்க. பொறகு பாத்தா இருந்திச்சு. நான் அரிசிக் கூப்பன் கார்டுக்குப் போனப்பவும் இல்லைன்னாங்க. பொறகு இருந்திச்சு. மொதல் இல்லைக்கு நாங்க எழும்புறதில்லம்மா."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அதோட... நீங்க ரொம்பச் சீக்கிரமா நிமிந்துட்டீங்க. தேடுனவங்க அவ்வளவு சீக்கிரமா நிமிர மாட்டாங்க."

றஹீம் நானா சொன்னதையே அவளும் சொல்கிறாள்! கொமினிகேஷன் கடைக்காரருக்கும் வயல் கூலிக்காரிக்கும் தெரிந்தது, பட்டம் வாங்கிய எனக்கு மட்டும் தெரியாமல் போனது எப்படி? காத்திருந்து பழகியவர்களுக்குத் தெரியும் போல. நான் காத்திருந்ததே கிடையாது. என் பிழை அங்கேதான் இருந்தது.

வேலியோரத்தில் நடந்ததை நீட்டி எழுத மாட்டேன். சுமதி மெலிந்து கறுத்துப் போயிருந்தாள். முதலில் தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. கம்பிக்குள்ளால் விரல்களைப் பிடித்துக்கொண்டார்கள். விரல்கள் மட்டும்தான் உள்ளே போகும்.

"ஒம்பது நாளா இங்கதாம்மா இருக்கேன்," என்றாள் மகள். "வந்த அன்னைக்கே ஒன் பேரையும் ஊரையும் சொல்லிப் பதிஞ்சிட்டேன். ஏம்மா வரல?"

பார்வதி அக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், அவளுக்கு உரிமை இருந்தது. "பஸ்சு கெடைக்கலடி," என்றாள்.

எனக்குப் பக்கத்தில் இன்னொருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பீற்றர் ஐயாவின் அதே மூக்கு, அதே நெற்றி. கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மூன்று மணிக்கு விசில் ஊதினார்கள். அவர் கம்பியை விட்டுவிட்டு உள்ளே போனார். போய்ச் சொல்லியிருக்கலாமே – உங்கள் அண்ணன் உங்களைத் தேடி வந்தார் என்று? இன்றைக்கு யோசிக்கிறேன். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம், வேறென்ன.

மறுநாள் அந்த முகாமை மாற்றிவிட்டார்கள்.

றஹீம் நானாவோடு பீற்றர் ஐயா வீட்டுக்குப் போனேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். போன் பிழை என்று சொல்லவில்லை. என் பிழை என்று சொன்னேன். அவர் வலையில் இருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை மகள். நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லையே. தம்பி உசிரோட இருக்கிறான் எண்டதாவது தெரிஞ்சுதே."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அந்தக் கிழமையே ஆப்பைப் பிரித்துப் போட்டு மாற்றினேன். என்ன எழுத வேண்டும் என்று றஹீம் நானாவைத்தான் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் தன் கடை வழக்கப்படி சொல்லிக்கொண்டே வந்தார். பெயரை அடித்தவுடன், 'ஆள் அனுப்பியிருக்கு, பொறுங்கோ.' சிக்னல் அறுந்து போனால், 'போன ஆள் திரும்பேல்ல, திருப்பிக் கேளுங்கோ.' எவ்வளவு நேரமும் பொறுங்கோ, பொறுங்கோ என்றே சொல்லிக்கொண்டிருப்பதும் பொய்தான் என்றார். அரை மணித்தியாலத்துக்கு மேல் அவரும் யாரையும் காக்க வைத்ததில்லையாம். சேர்வரே வாய் திறந்து இல்லை என்று சொன்னால் மட்டும்தான் 'பதிவு இல்லை'. அதற்குக் கீழே, எத்தனை மணிக்குக் கேட்டது என்று. இன்றைக்கு இல்லாதவர் நாளைக்கு வந்து இறங்கலாம் அல்லவா?

புது ஆப் மெதுவாக இருக்கிறது என்று கந்தோரில் குறை சொன்னார்கள். றஹீம் நானா மட்டும், "இப்பதான் மனுசர் மாதிரிப் பேசுது," என்றார்.

இதையெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் நிரோஷாவிடம் சொன்னேன். முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான். இரண்டு செக்கன்தான், சரி. உன் மேசையில் இரண்டு செக்கன். ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரி வாசலில், பழைய போனோடு, கண் சரியாகத் தெரியாத ஒருவர் நிற்கிறார். 'ஒன்றும் இல்லையே' என்று பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால்? சந்தேகப்படுகிறவர்கள் எப்படியோ தப்பிவிடுவார்கள். பார்வதி அக்கா தப்பினாள். நாங்கள் சொல்வதை அப்படியே நம்பி, நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அவர்களுக்குத்தான் அடி விழுகிறது.

அவள் பூனைக்குட்டியை அழித்தாள். 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதினாள். பிறகு கணினியில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அக்கா, அந்த ஐயா பிறகு தம்பியைக் கண்டவரா?"

அந்த வருடமே எங்கள் கந்தோரை மூடிவிட்டார்கள். பீற்றர் ஐயா வள்ளமேறி இராமேஸ்வரம் பக்கம் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். தம்பியை எந்த முகாமில் இருந்து எந்த முகாமுக்கு மாற்றினார்கள் என்று தெரியவில்லை. யுத்தம் முடிந்த பிறகு, கண்ட இடமெல்லாம், கண்ட ஆட்களிடமெல்லாம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் கேட்கிறேன். இதை வாசிக்கிற உங்களிடமும்தான்.

"இன்னும் பதில் வரேல்ல," என்றேன் நிரோஷாவிடம். இல்லை என்று சொல்லவில்லை.